மன அழுத்தத்திற்குத் துளசி மாத்திரை: புட்டியில் உள்ள எண் எதற்குச் சாட்சி?

டிக்டோக்கிலும் ஷோப்பியிலும் 'ஸ்ட்ரெஸ்' என்று தட்டினால் போதும். துளசி மாத்திரை, துளசித் தேநீர், துளசியோடு அஸ்வகந்தா கலந்த பொடி என்று வரிசையாக வந்து நிற்கின்றன. அண்மைய ஆண்டுகளில் இவற்றின் விளம்பரங்களில் ஒரு புதிய சொல்லும் சேர்ந்திருக்கிறது: அடாப்டோஜென். உடலை மன அழுத்தத்திற்கு ஈடுகொடுக்கப் பழக்கும் மூலிகை என்று அதற்கு விளக்கம் தரப்படுகிறது. குடும்பப் புலனக் குழுக்களில் இந்த விளம்பரங்களைப் பகிர்பவர்கள் பெரும்பாலும் நம்மவர்களே. நம் வீட்டுத் துளசிதானே, கெடுதல் என்ன வந்துவிடப்போகிறது என்ற நம்பிக்கைதான் காரணம்.

அந்த நம்பிக்கைக்கு வேர் உண்டு. தோட்டப்புற லயங்களில் வாழ்ந்த காலத்திலிருந்தே வாசலில் துளசி வைத்த குடும்பங்கள் இங்கே ஏராளம். சளி பிடித்தால் கஷாயம், பெருமாள் கோயிலுக்குப் போனால் தீர்த்தம். துவாதசியன்று துளசியைப் பறிக்கக்கூடாது என்பதை இன்றும் கடைப்பிடிக்கும் பாட்டிமார்கள் இருக்கிறார்கள். இலைக்கு இத்தனை கட்டுப்பாடு வைத்திருக்கும் வீட்டில், புட்டிக்குள் வரும் துளசிக்கு ஒரு கேள்விகூட எழுவதில்லை என்பதுதான் விந்தை.

அடாப்டோஜென் என்ற சொல் சித்த மருத்துவத்திலிருந்தோ ஆயுர்வேதத்திலிருந்தோ வந்ததல்ல. 1947இல் சோவியத் விஞ்ஞானி நிக்கோலாய் லாசரேவ் உருவாக்கியது. உடலின் தாங்கும் சக்தியைக் கூட்டும் பொருட்களைத் தேடிய அந்த ஆய்வில் பின்னர் முக்கிய இடம் பிடித்தது சைபீரிய ஜின்செங். துளசி இந்தப் பட்டியலில் சேர்ந்தது அதற்கும் பிறகுதான். ஐரோப்பிய மருந்து முகமை 2008இல் இந்தக் கருத்தை ஆராய்ந்து, மருந்தியலில் ஏற்றுக்கொள்ளப்பட்ட சொல்லாக இதைக் கருத முடியாது என்று அறிவித்தது. விளம்பரத்தில் அறிவியல் போல ஒலிக்கும் இந்தச் சொல்லின் நிலை அவ்வளவுதான்.

அதற்காகத் துளசியில் ஒன்றுமே இல்லை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. மனிதர்களிடம் நடத்தப்பட்ட 24 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளிவந்த ஆய்வறிக்கை, ரத்தச் சர்க்கரை, மன அழுத்தம், நோய் எதிர்ப்பு ஆகியவற்றில் நல்ல அறிகுறிகள் தெரிவதாகச் சொன்னது. 2022இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 100 பேரிடம் எட்டு வாரம் நடத்திய சோதனையில், துளசிச் சாறு எடுத்தவர்கள் மன அழுத்தம் குறைந்ததாகவும் தூக்கம் மேம்பட்டதாகவும் தெரிவித்தனர். மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்ட்டிசோலின் அளவும் அவர்களின் முடி மாதிரிகளில் குறைவாகவே இருந்தது.

விளம்பரங்கள் விட்டுவிடும் பகுதி இதற்குப் பின்னால் வருகிறது. அந்தச் சோதனைக்குப் பணம் கொடுத்தது அந்தச் சாற்றைத் தயாரிக்கும் நிறுவனமே. கொடுக்கப்பட்டது குறிப்பிட்ட முறையில் பிரித்தெடுத்த சாறு, நாளுக்கு இருமுறை 125 மில்லிகிராம். வீட்டு வாசல் இலையோ இரவுச் சந்தையில் விற்கும் பொடியோ அல்ல. எட்டு வாரத்திற்குப் பிறகு என்ன ஆகும் என்பதற்கும் அந்தச் சோதனையில் பதில் இல்லை. ஒரு சாற்றில் கிடைத்த முடிவைத் துளசி என்று பெயர் எழுதிய எல்லாப் புட்டிக்கும் ஒட்டுவது நியாயமில்லை.

"ஆனால் இதில் மால் நம்பர் இருக்கிறதே" என்பது விற்பவர்களும் வாங்குபவர்களும் சொல்லும் அடுத்த வாதம். மலேசியாவில் மருந்துகளைப் பதிவு செய்வது என்பிஆர்ஏ எனப்படும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம். 'மால்' என்ற எழுத்துகளுக்குப் பின் எட்டு இலக்கங்கள், கடைசியில் ஓர் எழுத்து. அந்தக் கடைசி எழுத்தைத்தான் யாரும் பார்ப்பதில்லை. 'டி' என்றால் பாரம்பரிய அல்லது இயற்கைப் பொருள். 'என்' என்றால் சத்துணவு வகை. மருத்துவர் சீட்டில் தரப்படும் மருந்துகள் பலவற்றில் 'ஏ' இருக்கும்.

'டி' எழுத்து கிடைக்க, பொருளில் கன உலோகங்கள் அளவுக்கு மீறி இல்லை, கிருமிகள் இல்லை, கலப்படம் இல்லை என்று காட்ட வேண்டும். நோயைத் தீர்க்கிறது என்று மருத்துவச் சோதனை நடத்தி நிரூபிக்க வேண்டியதில்லை. பாரம்பரியமாக இதற்குப் பயன்படுத்தி வந்தார்கள் என்பதே அடிப்படை. ஆகவே மால் எண் பாதுகாப்புக்கும் தரத்திற்கும் சாட்சி சொல்கிறது, பலனுக்கு அல்ல. ரத்த அழுத்த மாத்திரையின் எண்ணும் துளசி மாத்திரையின் எண்ணும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் இந்த வேறுபாடு மறைந்துபோகிறது.

எண்ணே இல்லாத பொருட்களின் கதை வேறு. பாரம்பரிய மருந்து என்ற பெயரில் விற்கப்பட்ட பொருட்களில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் கலந்திருப்பதை என்பிஆர்ஏ பலமுறை கண்டுபிடித்து அறிவித்திருக்கிறது. மூட்டு வலி 'அதிசயமாக' மறைவதன் ரகசியம் பெரும்பாலும் அதுதான். எண்ணை என்பிஆர்ஏ இணையத்தளத்தில் தட்டிப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

நம் சமூகத்திற்கு இதில் தனிக் கவலை ஒன்றும் உண்டு. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் விகிதம் மிக அதிகம். துளசிக்கு ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் தன்மை ஓரளவு இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. கேட்க நல்ல செய்திதான். ஆனால் ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர், யாரிடமும் சொல்லாமல் இதையும் சேர்த்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கக்கூடும். ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் தன்மை விலங்குகளில் நடந்த ஆய்வுகளில் தெரிந்திருப்பதால், வார்ஃபாரின் எடுக்கும் இதய நோயாளிகளும் அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களும் கவனமாக இருக்க வேண்டும். கலவைப் பொடிகளில் இருக்கும் அஸ்வகந்தாவையும் மறந்துவிடக்கூடாது. அதை எடுத்தவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. டென்மார்க் 2023இல் அதைத் தடையே செய்தது.

சட்டம் இருக்கிறது. 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம், நீரிழிவு, புற்றுநோய் உள்ளிட்ட 20 நோய்களுக்குப் பொதுமக்களிடம் மருந்து விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. பதிவில்லாத பொருளை விற்கும் தனிநபருக்கு 25,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு சிறையோ விதிக்கலாம். ஆனால் நேரலையில் பேசி விற்கும் முகவரும், கோயில் நண்பர்கள் குழுவில் 'எனக்கு நன்றாக வேலை செய்தது' என்று குரல் பதிவு போடும் அக்காவும் தங்களை விளம்பரதாரராக நினைப்பதே இல்லை.

மாத்திரை வாங்குபவர் ஏன் வாங்குகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். அதே 2023 ஆய்வு, 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் 4.6 விழுக்காட்டினர், அதாவது சுமார் பத்து லட்சம் பேர், மனச்சோர்வில் இருப்பதாகச் சொல்கிறது. 2019இல் இருந்ததைப்போல இது இரு மடங்கு. தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது, எதிலும் பிடிப்பில்லை என்பவர் மனநல மருத்துவரிடம் போனால் ஊர் என்ன சொல்லும் என்று அஞ்சுகிறார். துளசி மாத்திரை வாங்கினால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. உண்மையில் அந்தப் புட்டியில் அவர் வாங்குவது இந்த மறைவைத்தான். அதைக் குறை சொல்வது எளிது. ஆனால் மாதக்கணக்கில் மாத்திரையை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் போவது பணம் மட்டுமல்ல, சிகிச்சை தொடங்கியிருக்க வேண்டிய காலமும்தான்.

அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட் கட்டணத்தில் மனநலப் பரிசோதனை செய்துகொள்ள முடியும். சுகாதார அமைச்சின் ஹீல் 15555 எண்ணில் பெயர் சொல்லாமலேயே பேசலாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவும் 2023இல் நீக்கப்பட்டுவிட்டது.

கிளினிக்கில் மருத்துவர் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?" நம்மில் பலர் இல்லை என்றே தலையாட்டுகிறோம், கைப்பையில் துளசி புட்டி இருந்தாலும். அது மருந்தல்ல, துளசிதானே என்ற நினைப்பு. அடுத்த முறை போகும்போது அந்தப் புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தால், சர்க்கரை மாத்திரையின் அளவை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரே பார்த்துச் சொல்லிவிடுவார்.