சுவிட்சை அணைத்தால் போதாது

1999இல் ரொறன்ரோவின் நோர்த் யோர்க் பகுதியிலுள்ள ஃபியேரா ஃபூட்ஸ் வெதுப்பகத்தில், மாப் பிசையும் இயந்திரத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்த 17 வயது இளைஞன், அது இயக்கப்பட்டதில் உயிரிழந்தான். 2016 செப்டம்பரில் அதே நிறுவனத்தில், ஏஜென்சி மூலம் வேலைக்கு வந்த 23 வயதுப் பெண்ணின் தலைத்துணி இயந்திரத்தில் சிக்கியது. அவளும் பிழைக்கவில்லை. நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. தண்டம் 300,000 டொலர்.

இப்படியான ஏஜென்சிகள் வழியாகத்தான் எங்கள் அக்காமாரும் தம்பிமாரும் விடியமுன் ஸ்காபரோவிலிருந்து வேலைக்குப் புறப்படுகிறார்கள்.

அவர்கள் கை வைக்கும் இயந்திரங்களில், குளிர்காலம் நெருங்கும்போது எமக்குக் கூடுதல் பயம் தருபவை தொழிற்சாலைக் கூரைகளில் ஓடும் பெரிய விசிறிகள். காலையில் இயங்கத் தொடங்கும்போது, மோட்டாரிலிருந்து விசிறியைச் சுற்றும் பெல்ட் கீச்சிட்டால், அது தளர்ந்து வழுக்குகிறது என்று அர்த்தம். வழுக்கினால் சூடேறும், வெடிக்கும், அறும். அதற்காக ஒரேயடியாக இறுக்கினால் மோட்டாரின் பேரிங் தேயும். இரண்டு மூன்று பெல்ட் சேர்ந்து ஓடும் இடத்தில் ஒன்று அறுந்தாலும் எல்லாவற்றையும் மாற்றவேண்டும். பழையவை நீண்டுபோயிருக்க, புதியது தனியாகச் சுமையை இழுத்துச் சீக்கிரம் போய்விடும். புதுப் பெல்ட்டும் ஓரிரு நாள் ஓடியபின் சற்றுத் தளரும், திரும்பப் பார்த்து இறுக்கவேண்டும். நாள் குறித்துச் செய்தால் இது சின்ன வேலை. அறும்வரை ஓடவிட்டு, அறுந்தபின் "கெதியாப் போடு" என்று ஒருவரைக் கூரைக்கு ஏற்றும்போதுதான் அது உயிராபத்தாகிறது.

சுவிட்சை அணைத்ததும் பெரிய விசிறி நின்றுவிடாது. நின்றாலும், குழாய்வழி வரும் காற்று அதைத் திரும்பச் சுற்றவைக்கும். பெல்ட்டுக்கும் கப்பிக்கும் இடையே விரலை இழுக்க அந்த மெதுவான சுழற்சியே போதும். வெப்பநிலைக் கருவியோடு இணைத்த மோட்டார் என்றால், எவரும் தொடாமலே கிளம்பிவிடும்.

ஒன்ராறியோவின் 851ஆம் இலக்க ஒழுங்குவிதி, 75ஆம் பிரிவில் இதைத் தெளிவாகச் சொல்கிறது: ஆபத்தான அசைவு நின்று, திரும்ப அசையாதபடி தடுக்கப்பட்ட பிறகே சுத்தம் செய்யலாம், எண்ணெய் போடலாம், திருத்தலாம். அதாவது மின்சாரத்தைத் துண்டித்து, கை வைப்பவர் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, திறப்பைத் தன் சட்டைப்பையில் வைத்திருக்கவேண்டும். விசிறியின் இறக்கைகளையும் கட்டையிட்டுத் தடுக்கவேண்டும். அடுத்த ஷிப்ட்காரர் தெரியாமல் சுவிட்சைப் போட்டாலும் அந்தப் பூட்டுத்தான் காப்பாற்றும். 1999இல் அந்தப் பையனுக்கு வேண்டியிருந்ததும் அதுவே.

பூட்டுத் தராமல் பெல்ட் மூடியைக் கழற்றச் சொன்னால் மறுக்கலாம். தொழில்சார் சுகாதார, பாதுகாப்புச் சட்டத்தின் 43ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. உடனே மேற்பார்வையாளரிடம் காரணத்தைச் சொல்லுங்கள், பாதுகாப்பான இடத்தில் நில்லுங்கள். ஏஜென்சித் தொழிலாளிக்கும் இது பொருந்தும். மறுத்ததற்காக வேலையைவிட்டு நிறுத்துவது சட்டவிரோதம்.

தொழிற்கூடமும் உணவகமும் நடத்தும் எங்கள் ஆட்களிடமும் கேட்கிறோம்: உங்கள் கூரை விசிறியின் பெல்ட்டைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? பார்த்தவரிடம் பூட்டு இருந்ததா?