படிவும் சாட்சியமும்

"டெபொசிஷன்" என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் நேர்ச்சொல் யாது என வினவுவோர்க்கு ஒரே விடையளிக்க முயல்வது பிழையாகும். கீழே வைத்தல் என்று பொருள்படும் இலத்தீன் வினையினின்று பிறந்த அச்சொல், ஆற்று மணலுக்கும், புல்நுனியின் உறைபனிக்கும், நீதிமன்றச் சாட்சிக்கும், அரியணை இழந்த அரசனுக்கும் ஒருங்கே வழங்குகிறது. கலைச்சொற் பட்டியலில் அதற்கெதிரே "படிவு" என ஒரு சொல்லை மட்டும் எழுதிவிடுவது பட்டியல் தொகுப்போர்க்கு எளிது. அதைக்கொண்டு பணிபுரிவோர்க்கே இடர்.

ஆற்றின் வேகம் குறையுமிடத்தில் முதலில் பருமணலும், அடுத்து நுண்மணலும், கடைசியில் களியும் தங்குகின்றன. 2008 ஆகஸ்டு 18ஆம் நாள் நேபாளத்திலுள்ள குசஹா அருகே கோசி நதியின் கரை உடைந்தபோது, பீகாரில் சுபால், மதேபுரா முதலிய மாவட்டங்களின் வயல்கள் பலவற்றை மணல் மூடிற்று. மெல்லிய வண்டல் தங்கிய நிலம் வளம் பெறும். மணல் மூடிய நிலமோ பயிரிட இயலாததாகும். ஆங்கில அறிக்கையில் இரண்டும் டெபொசிஷன்தான். உழவர் பேச்சில் வண்டல் வேறு, மணல்மேடு வேறு, ஏரியில் வார வேண்டிய தூர் வேறு. களப்பணியாளர் இம்மூன்றையும் "படிவு" என்றே எழுதி அனுப்பினால், நிலத்திற்கு நேர்ந்தது நன்மையா கேடா என்பதே மேலதிகாரிக்கு விளங்காது. நிவாரணம் கோரும் விண்ணப்பத்தில் இது சிறு குறையன்று. மக்களிடமுள்ள சொல்லை விட்டுவிட்டுப் புதுச்சொல் தேடுவானேன்?

பௌதிக வகுப்பில் இடர் வேறு விதமானது. நீராவி நீராகாமல் நேரே பனிக்கட்டியாவதைப் "படிதல்" எனக் கற்பித்தால், மேசைமீது தூசி படிவது போன்றதே அதுவும் என மாணவர் எண்ணுவர். உண்மையில் 0° வெப்பநிலையில் ஒரு கிராம் நீராவி இவ்வாறு உறையுங்கால் ஏறத்தாழ 677 கலோரி வெப்பம் வெளிப்படுகிறது. ஆவி நீராவதற்குரிய 597 கலோரியும், நீர் உறைவதற்குரிய 80 கலோரியும் அதில் அடங்கும். தூசி படிவதில் இத்தகைய நிலைமாற்றம் ஏதுமில்லை. "ஆவி நேரே உறைதல்" என்று விரித்துச் சொல்வதால் வகுப்பில் காலம் வீணாகிவிடாது. (தமிழும் இவ்விஷயத்தில் முற்றும் குற்றமற்றதன்று, காலைப் பனித்துளிக்கும் இமயத்துப் பனிக்கும் ஒரே சொல்லையே அது வழங்குகிறது.)

வரலாற்றிலும் சமயத்திலும் குழப்பம் குறைவு. 1856இல் அயோத்தி நவாபு வாஜித் அலி ஷாவைக் கிழக்கிந்தியக் கம்பெனி அரசிலிருந்து நீக்கியதைப் "படிவு" என்று எவரும் எழுதார். கிறிஸ்தவ மரபில் அச்சொல் இயேசுவின் உடலைச் சிலுவையினின்று இறக்கியதைக் குறிக்கும். கி.பி. 354ஆம் ஆண்டின் உரோமானியத் தொகுப்பு ஒன்றில் வேதசாட்சிகள் அடக்கஞ் செய்யப்பட்ட நாட்களின் பட்டியலுக்கும் அதுவே தலைப்பு. உடலைக் கீழே வைத்தல் என்னும் மூலப்பொருள் அங்கே தெளிவாகவே நிற்கிறது.

ஒரே சொல்லை வேண்டுவோர்க்கும் ஒரு நியாயமுண்டு: ஒரு துறைக்குள் சொல் மாறலாகாது. ஆனால் துறைதோறும் சொல் வேறுபடுவதை அந்நியாயம் தடுப்பதில்லை.

சட்டத்திலோ பிழைக்கு விலை அதிகம். அங்கே டெபொசிஷனை "வாக்குமூலம்" எனப் பெயர்ப்பது பலரிடம் காணும் வழக்கம். காவல் அதிகாரி புலன்விசாரணையில் எழுதிக்கொள்வதும் வாக்குமூலமே. அதில் சொன்னவரிடம் கையொப்பம் வாங்கலாகாது. 1973ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்த இவ்விதி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் தொடர்கிறது. வழக்கு விசாரணையில் அது பெரும்பாலும் சாட்சியின் முரண்பாட்டைக் காட்டவே பயன்படும். நீதிமன்றக் கூண்டில் உறுதிமொழி எடுத்துக் கூறுவதோ சாட்சியம். அது குறுக்கு விசாரணைக்குட்பட்டது, அறிந்தே பொய் கூறினால் தண்டனைக்குரியது. மணற்கொள்ளை வழக்கில் அழைக்கப்படும் நிலஅளவையாளரிடம் "வாக்குமூலம் கொடுக்க வாருங்கள்" என்று சொன்னால், காவல் நிலையத்தில் முன்னர்ச் சொன்னதே போதுமென்று அவர் தம் அளவைக் குறிப்பேட்டை எடுக்காமலே நீதிமன்றம் செல்லக்கூடும்.