கல்யாணத்தோடு முடிந்த கதை

ஜனங்களின் அபிமானத்தைப் பெற்ற ஒரு திரைப்படத்தைத் தொலைக்காட்சித் தொடராக நீட்டினால் அந்த அபிமானமும் தானாகவே பின்தொடர்ந்து வரும் என்று நம்புகிறவர்கள், 2003-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சி.பி.எஸ். ஒளிபரப்பிய 'மை பிக் ஃபேட் கிரீக் லைஃப்' என்னும் நகைச்சுவைத் தொடரின் கதியைச் சற்று ஆராய வேண்டும்.

அதற்கு மூலமான 'மை பிக் ஃபேட் கிரீக் வெட்டிங்' அதற்கு முந்தைய ஆண்டில் வெளிவந்தது. நியா வர்டலோஸ் என்ற நடிகை, தம் கிரேக்கக் குடும்பத்தைப் பற்றித் தனியொருவராக மேடையில் நடித்த நாடகத்தைத் தாமே திரைக்கதையாக்கி, தாமே கதாநாயகியாகவும் தோன்றிய அந்தப் படம், சுமார் 50 லட்சம் டாலர் செலவில் உருவாகி, வட அமெரிக்காவில் மட்டும் 24 கோடி டாலருக்குமேல் வசூலித்தது. எந்த உபாதைக்கும் கண்ணாடி துடைக்கும் திரவத்தையே தெளித்துச் சொஸ்தப்படுத்த முயலும் தகப்பனாரும், மாப்பிள்ளை மாமிசம் உண்ணாதவர் என்றறிந்து திகைத்து, பிறகு பாதகமில்லை, ஆட்டுக்கறி சமைக்கிறேன் என்று பரிவோடு தேற்றும் உறவுக்கார அம்மாளும் யாருக்குத்தான் மறந்துபோவார்கள்!

தொடரின் முதல் பகுதியை இரண்டு கோடிக்கு மேற்பட்டோர் கண்டார்கள். ஆயினும் பிப்ரவரியில் தொடங்கியது ஏப்ரலில், 7 பகுதிகளோடு, முடிந்துபோயிற்று.

படத்தில் நாயகனாக நடித்த ஜான் கார்பெட் தொடரில் இல்லாததே காரணம் என்பாருண்டு. அதை நான் ஏற்கவில்லை. 1970-இல் வந்த 'மாஷ்' படம் தொடரானபோது முக்கிய நடிகர்களில் ஏறக்குறைய எல்லோருமே மாறினார்கள்; அது 1972 முதல் 1983 வரை நடந்தது. கொரியப் போர்முனையின் மருத்துவ முகாமில் காயம்பட்டவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மருத்துவர்களின் சங்கடம் தீரவில்லை, ஆகவே கதையும் தீரவில்லை. கிரேக்கக் குடும்பத்தின் சங்கடமோ, அந்நியனொருவனைத் தகப்பனார் மருமகனாக ஏற்பாரா என்ற ஒன்றுதான். அது விவாகத்தன்றே தீர்ந்தது. போதாக்குறைக்கு, தகப்பனார் தம் வீட்டுக்குப் பக்கத்து வீட்டையே சீதனமாகத் தருவதையும், சில ஆண்டுகளுக்குப் பின் தம்பதிகள் தங்கள் மகளைக் கிரேக்கப் பள்ளிக்கு அழைத்துச் செல்வதையும்கூடப் படத்தின் இறுதியிலேயே காட்டிவிட்டார்கள். படத்தின் பெற்றோரும் உறவினரும் பெரும்பாலும் தொடரிலும் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் சண்டையிடுவதற்குத்தான் விஷயம் மிஞ்சவில்லை.

ஆகையால், பிரசித்தமான படங்களின் உரிமையை நாடும் தயாரிப்பாளர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: கதையில் தீராத வழக்கு ஏதேனும் பாக்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையெனில் படத்தையே மறுபடியும் ஒளிபரப்புங்கள். ஜனங்கள் சந்தோஷமாகப் பார்ப்பார்கள்.