தனுஷ்கோடிக்கு மீண்டும் ரயில் வருமா? சிக்கல் எங்கே?

காரைக்குடி வழியாக ராமேஸ்வரம் போகும் ரயிலுக்கு 'போட் மெயில்' என்று ஏன் பெயர்? ஒரு காலத்தில் அது கப்பலைப் பிடிக்கப் போன ரயில்.

1914-ல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. பாம்பனில் பாதை இரண்டாகப் பிரியும். பிரதான பாதை தனுஷ்கோடிக்கு. ராமேஸ்வரத்துக்கு வெறும் கிளைப்பாதைதான். தனுஷ்கோடியில் இறங்கினால் தலைமன்னாருக்குக் கப்பல், அங்கிருந்து கொழும்புக்கு ரயில். இலங்கையில் கடை வைத்த நகரத்தார்களுக்கும் இதுதான் வழி.

1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் பாம்பன்-தனுஷ்கோடி ரயிலே கடலுக்குள் போனது. நிலையமும் அழிந்தது.

2019 மார்ச்சில் புதிய பாதைக்குப் பிரதமர் மோடி அடிக்கல் நாட்டினார். ராமேஸ்வரத்தில் இருந்து சுமார் 17 கி.மீ. ஆனால் தண்டவாளம் வரவில்லை.

அரிச்சல்முனை வரை சாலை வந்தாச்சு. 2023-ல் தொடங்கிய இலங்கைக் கப்பலும் நாகப்பட்டினத்தில் இருந்துதான். கப்பல் இல்லாத தனுஷ்கோடிக்கு ரயில் வந்தால், அது சுற்றுலா ரயில் மட்டுமே. புயல் அடிக்கும் மணல்திட்டில் அதற்காகச் செலவு செய்யலாமா என்பதே கேள்வி.