திருவனந்தபுரத்துக்கு வயது முந்நூறு அல்ல

1729-இல் பட்டமேறிய மார்த்தாண்ட வர்மர் சிற்றரசுகளைத் திருவிதாங்கூர் அரசாக ஒன்றாக்கினார். 1795-இல் தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து இங்கே வந்தது. ஆகவே திருவனந்தபுரத்தின் வரலாறு அப்போதுதான் தொடங்குகிறது என்கிறார்கள். ஆண்டுகள் சரி. முடிவு தவறு.

ஒன்று: தலைநகரம் வந்த நாள் ஊர் பிறந்த நாள் ஆகாது. நம்மாழ்வார் அனந்தபுரத்தைப் பாடியபோது திருவிதாங்கூர் என்றொரு அரசே இல்லை.

இரண்டு: இப்பகுதியை முன்பு ஆண்ட ஆய் மன்னர்களின் துறைமுகமான விழிஞத்தை எங்கே வைப்பது? 9-ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணவர்களுக்குக் கல்விச் சாலை நிறுவினான். காந்தளூர்ச் சாலையே அதற்கு முன்மாதிரி என்று அவனது செப்பேடு சொல்கிறது. திருவனந்தபுரத்தில் உள்ள இன்றைய வலியசாலைதான் அந்தக் காந்தளூர் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. மார்த்தாண்ட வர்மருக்கு 800 ஆண்டுகளுக்கு முன்பே மற்ற ஊர்கள் பார்த்துப் பின்பற்றிய கல்விக்கூடம் அது.

மூன்று: முதலாம் ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தி வெற்றிகளை அடுக்கும்போது காந்தளூரையே முதலில் வைக்கிறது. ஒன்றுமில்லாத ஊரை வென்றதற்கா தஞ்சைப் பேரரசன் அவ்வளவு பெருமைப்பட்டான்? விழிஞத்துக்கு ராஜேந்திர சோழப் பட்டினம் என்று சோழர் பெயர் சூட்டியது வெறும் மணல்மேட்டுக்கா?

ஆய்களின் அரண்மனை இன்று நிற்கவில்லையே என்பதும் வாதமல்ல. செப்பேடு இருக்கிறது. விழிஞத்தில் குடைவரைக் கோயில் இருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.