படகுக்கு மானியம் உண்டு, ஏறும் ஆளுக்கு?

ராமேசுவரம் தீவிலும் அதற்கு எதிரே உள்ள மண்டபம் கரையிலும் விசைப்படகுத் தொழிலைக் காப்பது பற்றிப் பேசப்படும்போதெல்லாம் படகு, வலை, டீசல், எல்லைக்கோடு ஆகியவற்றைச் சுற்றியே பேச்சு நடக்கிறது. அந்தப் படகில் கூலிக்கோ பங்குக்கோ ஏறும் மீனவர் எந்த நிபந்தனையில் ஏறுகிறார், அடுத்த ஆண்டும் ஏறுவாரா என்ற கேள்வி அரிதாகவே எழுப்பப்படுகிறது. ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாறுவதே, இலங்கை எல்லையைப் படகுகள் தாண்டுவதால் எழும் பாக் நீரிணைச் சிக்கலுக்கு வழி என்று மத்திய, மாநில அரசுகள் கூறிவரும் நிலையில், இந்தக் கேள்வியை ஒதுக்கி வைத்தால் அந்த வழியே அடைபட்டுப்போகும். படகு ஒரு பணியிடம் என்பதை அரசும் படகு உரிமையாளர்களும் ஏற்க வேண்டும். அங்கு வேலை செய்வோருக்கு எழுத்திலான ஒப்பந்தம், வெளிப்படையான கணக்கு, ஓய்வு, காப்பீடு ஆகியவை உறுதிசெய்யப்பட வேண்டும். படகுக்கு வழங்கப்படும் மானியம் இவற்றோடு பிணைக்கப்பட வேண்டும்.

பாக் நீரிணையில் இயங்கும் இழுவலைப் படகுகளுக்கு, அதாவது கடலடியை வாரிச் செல்லும்படி வலையை இழுத்து மீன் பிடிக்கும் விசைப்படகுகளுக்கு, மாற்றாகச் சூரை மீன் பிடிக்கும் ஆயிரங்கால் தூண்டில், செவுள்வலைப் படகுகளைக் கொண்டுவரும் திட்டம் 2017இல் தொடங்கப்பட்டது. ஒரு படகின் மதிப்பு 80 லட்சம் ரூபாய் எனக் கணக்கிடப்பட்டு, அதில் 50 விழுக்காட்டை மத்திய அரசும் 20 விழுக்காட்டை மாநில அரசும் ஏற்க, 20 விழுக்காடு வங்கிக் கடனாகவும் 10 விழுக்காடு பயனாளியின் பங்காகவும் அமைந்தது. மூன்று ஆண்டுகளில் 2,000 படகுகளை மாற்றுவது இலக்கு. அந்தக் காலக்கெடு முடிந்தபோது திட்டம் இலக்கின் அருகில்கூட வந்திருக்கவில்லை. வங்கிகள் கடன் தரத் தயங்கின, படகின் விலை மதிப்பீட்டைத் தாண்டியது என்று சொல்லப்படும் காரணங்களில் உண்மை உண்டு. ஆயினும், கடனும் விலையும் நாளையே சரிசெய்யப்பட்டுப் புதிய படகுகள் குந்துகால், மூக்கையூர் துறைமுகங்களில் வரிசையாக வந்து நின்றாலும், அவற்றில் பல நாள் கடலில் தங்கி வேலை செய்ய யார் வருவார் என்பதற்கு அந்தத் திட்டத்தில் பயிற்சி ஏற்பாடுகளைத் தாண்டிப் பெரிதாக எதுவும் இல்லை.

இந்த மாற்றத்தின் அளவு கரையில் இருந்து பார்ப்போருக்கு எளிதில் புலப்படுவதில்லை. பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். பெரும்பகுதியில் 15 மீட்டரைக்கூட எட்டாது. 1993இல் உருவான ஏற்பாட்டின்படி விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாளும் நாட்டுப்படகுகள் மற்ற நான்கு நாளும் தொழில் செய்கின்றன. ராமேசுவரத்தின் விசைப்படகுகள் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் டோக்கன் எனப்படும் அனுமதிச் சீட்டைப் பெற்றுக் கடலுக்குப் போய் மறுநாள் கரை திரும்புகின்றன. ஓர் இரவு கடலில், மறு இரவு வீட்டில் என்ற இந்தத் தாளத்தில்தான் ஒரு தலைமுறையின் குடும்ப வாழ்க்கை, பிள்ளைகளின் படிப்பு, கடன் தவணை எல்லாம் அமைந்துள்ளன. தங்குகடல் தொழிலோ வாரக்கணக்கில் கரையைக் காணாதது. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டார மீனவர்கள் அந்தத் தொழிலில் பெயர் பெற்றவர்கள் என்றால், அதற்குப் பின்னால் பல பத்தாண்டுப் பழக்கமும், உறவினரும் ஊராருமாகச் சேர்ந்து ஏறும் வழக்கமும், ஆள் இல்லாத நாள்களில் வீட்டை நடத்தப் பழகிய பெண்களும் இருக்கிறார்கள். பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் அப்படி ஒரு வாழ்க்கையைப் புதிதாக உருவாக்க வேண்டும் என்பதே இத்திட்டத்தின் உண்மையான பொருள். ஒரு வேலையிடத்தில் அதிகாரம், ஊதியம், ஓய்வு, ஆபத்து ஆகியவை எழுதப்பட்ட விதிகளாலும் எழுதப்படாத வழக்கங்களாலும் எப்படிப் பங்கிடப்படுகின்றன என்பதன் மொத்த வடிவமே பணிப் பண்பாடு எனப்படுகிறது. அந்தப் பண்பாட்டை மாற்றாமல் படகை மட்டும் மாற்றுவதால் பயன் இல்லை.

இன்றைய வழக்கம் பங்கு முறையை அடிப்படையாகக் கொண்டது. மீன் விற்ற பணத்தில் இருந்து டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான் போன்ற செலவுகளைக் கழித்து, மீதி உரிமையாளருக்கும் படகில் போனவர்களுக்கும் பிரிக்கப்படுகிறது; ஓட்டுநருக்குக் கூடுதல் பங்கு. விகிதம் ஊருக்கு ஊர், படகுக்குப் படகு மாறும். எழுத்தில் இருப்பது அபூர்வம். நல்ல மீன்பாடு உள்ள நாளில் உழைத்தவரும் உரிமையாளரும் சேர்ந்தே மகிழ்வதற்கு இடம் தரும் இந்த முறைக்கு ஒரு கண்ணியம் உண்டு. மாதச் சம்பளம் வாங்கும் தொழிற்சாலையில் அது கிடைக்காது. ஆனால் கணக்கு ஒருவர் கையில் மட்டும் இருக்கும் இடத்தில் பங்கு என்பது பெயரளவில்தான் பங்கு. உரிமையாளர் பெரும்பாலும் ஏற்றுமதி நிறுவனத்திடமோ வியாபாரியிடமோ முன்பணம் வாங்கியிருப்பார். இறாலும் நண்டும் கணவாயும் முன்பணம் தந்தவர் சொல்லும் விலைக்கே போகும். அந்தக் குறைந்த விலையின் மீதே படகில் போனவரின் பங்கும் கணக்கிடப்படுகிறது, அந்த முன்பணத்தில் அவர் ஒரு ரூபாயும் கண்டிராதபோதும். அவரும் உரிமையாளரிடம் முன்பணம் வாங்கியிருப்பார். அது தீரும்வரை வேறு படகுக்கு மாறுவது எளிதல்ல. நட்டத்தில் கூட்டாளியாகவும் கணக்குக் கேட்கும்போது வேலையாளாகவும் நடத்தப்படும் ஒருவர், வேறு வழி கிடைத்த அன்றே விலகிப்போவதில் வியப்பு இல்லை.

ஆபத்தின் பங்கீடு இன்னும் கொடியது. இந்தியாவும் இலங்கையும் 1974, 1976 ஆண்டுகளில் செய்துகொண்ட உடன்பாடுகள் வகுத்த எல்லைக்கோடு ராமேசுவரத்துக்கு மிக அருகில் செல்கிறது. இலங்கை 2017இல் இழுவலையைத் தடைசெய்தது. 2018இல் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைப் பன்மடங்கு உயர்த்தியது. போரால் கடலை இழந்து 2009க்குப் பிறகு மெல்ல மீண்டுவரும் யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்களின் வலைகள் இந்த இழுவலைகளால் அறுபடுகின்றன என்பதும், அவர்களின் கோபம் நியாயமானது என்பதும் இந்தக் கரையிலும் வெளிப்படையாக ஒப்புக்கொள்ளப்பட வேண்டியவை. ஆயினும், எல்லை தாண்டும் முடிவுக்குப் பின்னால் டீசல் செலவும் முன்பணமும் படகின் கடனும் இருக்க, சிறைக்குப் போகிறவர் படகில் இருந்தவர். 2024 முதல் இலங்கை நீதிமன்றங்கள் ஓட்டுநர்களுக்கும் இரண்டாம் முறை பிடிபட்டவர்களுக்கும் சிறைத் தண்டனை விதிக்கத் தொடங்கியதை எதிர்த்து, அந்த ஆண்டின் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவையே ராமேசுவரம் மீனவர்கள் புறக்கணித்தனர். முதல்முறை விடுவிக்கப்பட்டவரின் தலைமேலும் ஒத்திவைக்கப்பட்ட தண்டனை நிற்கிறது. அனுபவம் மிக்க ஓட்டுநர் ஒருவர் அத்தோடு அந்தக் கடலையே விட்டுவிட நேர்கிறது. படகை இழந்தவருக்கு நிவாரணம் லட்சக்கணக்கில் பேசப்படுகிறது. சிறையில் இருப்பவரின் வீட்டுக்கு நாள் கணக்கில் உதவித்தொகை வருகிறது. அந்தக் குடும்பத்துக்கு உரிமையாளர் என்ன கடமைப்பட்டவர் என்பது எங்கும் எழுதப்படவில்லை. அவரவர் மனசாட்சிக்கு விடப்பட்டிருக்கிறது.

இளைஞர்களுக்கு உழைக்க மனமில்லை என்று துறைமுகத்தில் அடிக்கடி கேட்கும் குறைகூறலை ஏற்க முடியாது. இதே கரையின் இளைஞர்கள் மங்களூரிலும் கேரளத்திலும் படகு ஏறுகிறார்கள். வளைகுடா நாடுகளிலும் ஈரானிலும் மீன்பிடி வேலைக்குப் போகிறார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் ஈரானில் சிக்கித் தவித்த 687 இந்தியர்களை இந்தியக் கடற்படையின் ஜலஷ்வா கப்பல் 2020 ஜூலை 1 அன்று தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து சேர்த்தபோது, இறங்கியவர்களில் தமிழக மீனவர்கள் ஏராளம். வேலைக்கு அழைத்தவரின் ஒப்புதல் இன்றி வேலை மாறவோ நாடு திரும்பவோ இயலாத கஃபாலா முறையின் கீழ் வளைகுடாக் கடலில் அல்லற்பட ஒருவர் தயாராக இருக்கிறார் என்றால், அவரைச் சோம்பேறி என்று சொல்வது அநியாயம். மாதத்தின் முடிவில் கைக்கு வரும் தொகை இவ்வளவு என்று முன்கூட்டியே தெரிவதும், அதை வைத்துத் தங்கையின் திருமணத்தையோ வீட்டின் கூரையையோ திட்டமிட முடிவதுமே அவரை அங்கே இழுக்கின்றன. படித்து வேறு தொழிலுக்குப் போகிறவரைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை. கடலை விரும்பியும் சொந்தக் கரையில் இருக்க முடியாமல் போகிறவரைப் பற்றியே இங்கே கவலைப்பட வேண்டும்.

என்ன செய்ய வேண்டும் என்பது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியதன்று. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2007இல் ஏற்று, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்த மீன்பிடிப் பணி உடன்படிக்கை, அதாவது 188ஆம் எண் உடன்படிக்கை, படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும் எழுத்திலான பணி ஒப்பந்தம், கரையிலும் ஒரு படி இருக்கும்படியான ஆள் பட்டியல், மருத்துவச் சான்று, சமூகப் பாதுகாப்பு ஆகியவற்றைக் கோருகிறது. மூன்று நாளுக்கு மேல் கடலில் தங்கும் படகுகளில் 24 மணி நேரத்தில் 10 மணி நேரமும் ஏழு நாளில் 77 மணி நேரமும் குறைந்தபட்ச ஓய்வு தரப்பட வேண்டும் என்கிறது. இந்தியா இதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. கடலில் கொத்தடிமை என்ற அவப்பெயரைச் சுமந்த தாய்லாந்து, ஐரோப்பியச் சந்தை கைவிட்டுப்போகும் என்ற அச்சத்தில் சட்டங்களைத் திருத்தி, 2019 ஜனவரியில் ஆசியாவிலேயே முதல் நாடாக இதை ஏற்றது. அந்நாட்டின் அனுபவம் ஓர் எச்சரிக்கையும்கூட. உள்ளூர்க்காரர்கள் விலகிய படகுகளில் மியான்மர், கம்போடியா நாடுகளின் ஏழைகள் ஏற்றப்பட்டனர்; மொழியும் உறவும் அற்ற அவர்களிடம்தான் மிகக் கொடிய சுரண்டல் நடந்தது. ஆள் கிடைக்காத படகுகளுக்குத் தொலைதூர மாநிலங்களில் இருந்து ஆள் சேர்ப்பது மேற்குக் கரையில் ஏற்கெனவே வழக்கமாகிவிட்டது. விதி எழுதப்படாத வரை ராமநாதபுரம் கரையும் அந்தப் பாதையில்தான் போகும்.

ஆள் பட்டியலின் அருமையை 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல் கற்பித்தது. எந்தப் படகில் யார் யார் போனார்கள், எத்தனை பேர் திரும்பவில்லை என்பதில் நாள்கணக்கில் குழப்பம் நீடித்தது. அரசின் எண்ணிக்கையும் ஊர்களின் எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை. உடல் கிடைக்காத ஒருவரின் மனைவி, கணவர் அந்தப் படகில் இருந்தார் என்பதை நிறுவுவதே பெரும்பாடு. ஆழ்கடலுக்கு அனுப்பும் அரசு இதை மறக்கக் கூடாது.

படகு உரிமையாளர்களின் தரப்பையும் கேட்க வேண்டும். அவர்களுள் பலர் ஒற்றைப் படகையும் அதன் மீதான கடனையும் மட்டுமே கொண்டவர்கள். ஒரு சிறைப்பிடிப்பில் வாழ்க்கையே கவிழ்ந்துவிடும் நிலையில் இருப்பவர்கள். ஊதியச் சட்டத்தின் முழுச் சுமையையும் அவர்கள் தோளில் ஏற்றுவது சரியாகாது, தேவையும் இல்லை. பங்கு முறை நீடிக்கட்டும். விகிதமும் கழிக்கப்படும் செலவுகளும் எழுதப்பட்டு, கடலுக்குப் போய்வரும் ஒவ்வொரு நடைக்கும் விற்பனைச் சீட்டின் படி படகில் போனவர்களுக்கும் கிடைக்கட்டும். மீன்பாடு இல்லாத நடைக்கும் ஒரு குறைந்தபட்சத் தொகை உறுதியாகட்டும். வியாபாரியின் முன்பணத்தில் இருந்து உரிமையாளரை மீட்காமல் இது நிலைக்காது என்பதால், முதல் விற்பனையை மீனவர் சங்கமே நடத்தும் முறை இங்கும் வலுப்பெற வேண்டும். 1980இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் ஊர்ச் சங்கங்கள் வழியாக ஏலம், கடன், சேமிப்பு மூன்றையும் ஒன்றாக இணைத்து, சிறு மீனவர்கள் வியாபாரியின் பிடியில் இருந்து விடுபடலாம் என்பதைக் காட்டியிருக்கிறது. அதே வழியில், ஆழ்கடல் படகுகளில் ஒரு பகுதியைத் தனி உரிமையாளருக்குத் தராமல் படகில் வேலை செய்வோரின் குழுக்களுக்கே வழங்க வேண்டும். உழைத்தால் பத்து ஆண்டில் படகில் தனக்கும் ஒரு பாகம் என்ற நம்பிக்கை இருந்தால் இளைஞர் தங்குவார். கொச்சியிலும் சென்னையிலும் பயிற்சி தரும் மத்திய மீன்வள நிறுவனத்தின் ஓட்டுநர், இயந்திரப் பணியாளர் சான்றிதழ்களைப் பெற ராமநாதபுரம் மாவட்ட இளைஞர்களுக்கு உதவித்தொகை தருவதும் இதில் சேரும்.

இவற்றை நடைமுறைப்படுத்தத் தனி அலுவலகம் எதுவும் வேண்டியதில்லை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் மீன்வளத் துறை விசைப்படகுகளை ஆண்டுதோறும் ஆய்வு செய்கிறது; நீளம், இயந்திரம், பதிவு எண் ஆகியவற்றைப் பார்க்கும் அந்த ஆய்வில் பணி ஒப்பந்தத்தையும் காப்பீட்டுச் சான்றையும் உயிர்காப்பு மிதவைகளின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்க்கலாம். நடைக்கு முன் தரும் டோக்கனோடு அன்று ஏறுவோரின் பெயர்ப் பட்டியலைப் பதிவு செய்யலாம். தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயில் இருந்து 8,000 ரூபாயாக உயர்த்தும் அறிவிப்பை முதலமைச்சர் 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் வெளியிட்டார். ஆழ்கடல் படகுக்கான அடுத்த மானிய ஆணையில், எழுத்திலான பணி ஒப்பந்தம் இல்லாத படகுக்குத் தவணை விடுவிக்கப்படாது என்ற ஒரு விதியைச் சேர்க்கும் அறிவிப்பும் அதே மண்டபத்தில் இருந்து வர வேண்டும்.