தேவாலயத்தின் எரிவாயுக் கட்டணமும் எமது மண்டப வாடகையும்

அஜின்கோர்ட் பகுதியில் வாழும் எம்மவருள் தேவாலய மண்டபமொன்றின் படிகளை ஒருமுறையேனும் மிதியாதவர் மிகச் சிலராகவே இருப்பர். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு, ஊர்ச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம், 31ஆம் நாள் நினைவுகூரல், நடன அரங்கேற்றத்துக்கான ஒத்திகை, புதிதாக வந்தோருக்கான ஆங்கில வகுப்பு என எத்தனையோ காரியங்களுக்காகச் சைவர், கத்தோலிக்கர், ஏனைய சபையினர் என்ற பேதமின்றி நாம் அங்கு சென்று வந்துள்ளோம். அம்மண்டபங்களைச் சூடாக்குவதற்கு எரிக்கப்படும் வாயுவைப் பற்றியும், அதனைக் குறைப்பதற்கென வழங்கப்படும் மானியங்களைப் பற்றியும் அகதிகளாக வந்த நாம் ஏன் கவலைகொள்ள வேண்டுமென்று சிலர் வினவக்கூடும். அம்மண்டபம் அடுத்த பத்தாண்டிலும் திறந்திருக்குமா என்பதே இங்குள்ள வினா.

கனடாவின் பாரம்பரியக் கட்டடங்களைக் காப்பதற்கெனச் செயற்படும் தேசிய நம்பிக்கை நிதியம் 2019ஆம் ஆண்டில் ஒரு கணிப்பை வெளியிட்டது. நாடெங்குமுள்ள ஏறத்தாழ 27,000 வழிபாட்டுக் கட்டடங்களுள் 9,000 வரையானவை அடுத்த பத்தாண்டுக் காலத்தில் மூடப்படக்கூடும் என்பதே அது. சபையினர் தொகை குறைந்து செல்வதும் மூப்படைவதும் இதற்கான முதற் காரணங்கள். எனினும், எஞ்சியிருக்கும் நாற்பது ஐம்பது பேர் இறுதியில் கதவைப் பூட்டும் முடிவுக்கு வருவது பெரும்பாலும் கூரை, கொதிகலன், எரிவாயுக் கட்டணம் ஆகிய மூன்றின் முன்னிலையிலேயே என்பதைத் திருச்சபை நிர்வாகங்களோடு பழகியோர் அறிவர்.

மிட்லண்ட் வீதியிலுள்ள நொக்ஸ் ஐக்கிய தேவாலயம் 1872இல் எழுந்த கட்டடம். அஜின்கோர்ட் ஒரு விவசாயக் கிராமமாக இருந்த காலம் அது. அக்காலத்துத் தேவாலயங்கள் பொதுவாக உயர்ந்த கூரையும், இடையே காப்புறை எதுவுமற்ற செங்கற் சுவரும், ஒற்றைக் கண்ணாடி யன்னல்களும் கொண்டவை. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிசனரிமார் தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் வைத்துக் கட்டியபோது, வெப்பத்தை மேலே போகவிடுவது ஒரு வரமாக அமைந்தது. இங்கு அதே உயரம் சாபமாகி நிற்கின்றது. பனிக்காலத்தில் சூடான காற்று முழுவதும் முகட்டில் தங்கிவிட, கீழே வாங்கில் அமர்ந்திருப்போர் மேலங்கியைக் கழற்றாமலே பிரார்த்திக்கின்றனர்.

இத்தகைய கட்டடங்களுக்கு உதவவென உருவானதே கனடிய ஐக்கிய திருச்சபையின் ‘ஃபெயித்ஃபுல் ஃபுட்பிரின்ற்ஸ்’, அதாவது ‘விசுவாசக் காலடிகள்’ என்னும் திட்டம். பல சமயத்தவரையும் இணைக்கும் ‘ஃபெயித் அன்ட் த கொமன் குட்’ என்ற அமைப்பின் துணையுடன் இது நடத்தப்பட்டது. 2050ஆம் ஆண்டுக்குள் திருச்சபைக் கட்டடங்களின் காபன் வெளியேற்றத்தை 80 வீதத்தால் குறைத்தல் என்பதே தொடக்கத்தில் வகுக்கப்பட்ட இலக்கு. ஒரு சபைக்கு 30,000 டொலர் வரை மானியம் அறிவிக்கப்பட்டது. (இத்திருச்சபை 1925இல் மெதடிஸ்தர், கொங்கிறிகேசனலிஸ்தர், பிரெஸ்பிற்றேரியருள் பெரும்பகுதியினர் ஆகியோர் ஒன்றிணைந்ததால் பிறந்தது. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினறியைத் தொடக்கிய அமெரிக்க மிசனும் கொங்கிறிகேசனல் மரபையே சார்ந்தது என்பதனால், எம்முள் சிலருக்கு இது தூரத்து உறவாகும்.)

30,000 டொலர் எதற்குப் போதும்? மின்விளக்குகளை மாற்றலாம், கதவிடுக்கு, யன்னலிடுக்குகளை அடைக்கலாம், முகட்டுக்குக் காப்புறை இடலாம், தன்னியக்க வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பொருத்தலாம். நூறாண்டு கடந்த கட்டடத்தின் எரிவாயுக் கொதிகலனை முற்றாக அகற்றி ஹீற் பம்ப் முறைக்கு மாற்றுவதற்கு அது பெரும்பாலும் முதற்பங்கு மாத்திரமே. காபனின் பெரும்பகுதியோ அந்தக் கொதிகலனிற்றான் இருக்கின்றது. ஒன்ராறியோ மாகாணம் தனது கடைசி நிலக்கரி மின்நிலையத்தை 2014இல் நிறுத்திவிட்டது. அணு மின்சாரமும் நீர் மின்சாரமுமே இங்கு பிரதானம். அண்மை ஆண்டுகளில் வாயு மின்நிலையங்களின் பங்கு சற்று உயர்ந்திருப்பினும், விளக்கை மாற்றுவதால் மிஞ்சும் காபன் அற்பமே. எரிவாயுவோ ஒரு கன மீற்றர் எரிந்தால் ஏறத்தாழ 1.9 கிலோகிராம் காபனீரொட்சைட்டை வெளிவிடுகின்றது. பனிக்காலம் முழுவதற்கும் 10,000 கன மீற்றர் எரிக்கும் ஒரு தேவாலயத்தைக் கற்பனை செய்துகொண்டால், அது 19 தொன்.

இவ்விடத்தில் அரசியல் குறுக்கிடுகின்றது. 2019 ஏப்ரல் முதலாம் திகதி தொன்னுக்கு 20 டொலர் என ஒன்ராறியோவில் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் எரிபொருட் கட்டணம், 2024 ஏப்ரலில் 80 டொலரை எட்டியது. எரிவாயுவில் அது கன மீற்றருக்கு 15.25 சதம். நாம் மேலே கற்பனை செய்த தேவாலயம் ஆண்டுக்கு 1,525 டொலரை இதற்கென மாத்திரம் செலுத்தியிருக்கும். குடும்பங்களுக்கு இப்பணம் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை திரும்பி வந்தது. எம் வாசகர் பலரும் அதனைப் பெற்றிருப்பர். தேவாலயத்துக்கும் கோவிலுக்கும் அவ்வாறு எதுவும் திரும்பவில்லை. 2025 ஏப்ரல் முதலாம் திகதியுடன் இக்கட்டணம் நீக்கப்பட்டபோது சபைகளின் பொருளாளர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டதில் வியப்பில்லை.

ஆனால் அந்த நிம்மதிக்கு மறுபக்கமுண்டு. ஒன்ராறியோவில் ஓர் அலகு வெப்பத்தைப் பெறுவதற்கு மின்சாரத்திலும் பார்க்க எரிவாயு மிகவும் மலிவு. ஹீற் பம்ப் ஓர் அலகு மின்சாரத்தைக்கொண்டு இரண்டு மூன்று அலகு வெப்பத்தைத் தருவதால் அந்த இடைவெளியைப் பெருமளவு நிரப்புகின்றது. கடுங்குளிரில் அத்திறன் குறைகின்றது. எரிபொருட் கட்டணம் இருந்தவரை, மாற்றத்துக்கான செலவு காலப்போக்கில் கட்டணச் சேமிப்பால் ஈடாகும் என்று ஒரு சபையிடம் கணக்குக் காட்ட முடிந்தது. அக்கணக்கு இன்று மெலிந்துவிட்டது. கடன் பெற்றுச் செய்யும் வேலையைச் சேமிப்பிலிருந்து அடைப்பது கடினமாகிவிட்ட நிலையில், மானியம் இல்லையேல் வேலையும் இல்லை. கட்டணத்தை நீக்கிய அரசு அதன் இடத்தை மானியத்தால் நிரப்பியிருக்க வேண்டும் என்பது எமது கருத்து. 2021இல் சமூகக் கட்டடங்களுக்கென மத்திய அரசு அறிவித்த 150 கோடி டொலர்த் திட்டம் அத்திசையில் ஒரு நல்ல அடி எனினும், நாடளாவிய தேவையின் முன் அது சிறிது.

பிரித்தானியாவிலுள்ள எம் உறவுகள் வேறொரு காட்சியைக் காண்கின்றனர். இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுமன்றம் 2020 பெப்ரவரியில் கூடி, 2030ஆம் ஆண்டுக்குள் நிகர காபன் வெளியேற்றத்தைச் சுழியமாக்குவதென இலக்கு வைத்தது. 2022இல் அதற்கென 19 கோடி பவுண் ஒதுக்கப்பட்டது. ஏறத்தாழ 16,000 தேவாலயங்களுக்குப் பகிர்ந்து பார்த்தால் ஒன்றுக்குப் 12,000 பவுண் அளவே வரும்; பாடசாலைகளுக்கும் குருமனைகளுக்கும் அதிற் பங்குண்டு என்பதால் அதுவும் குறையும். எனினும் அங்கு நாம் கவனிக்கத்தக்கது பணத்திலும் பார்க்க முறையே. முதலில் பீலியைத் துப்புரவாக்கு, ஈரச் சுவரை உலர்த்து, காற்றுப் புகும் இடுக்கை அடை. கட்டடத்தின் காற்றை முழுவதும் சூடாக்குவதை விட்டு, வாங்கின் கீழ் மின்வெப்பம் வைத்து மனிதரைச் சூடாக்கு என்று அங்கு அறிவுரை வழங்கப்படுகின்றது. வாரத்தில் இரண்டு மணித்தியாலம் திறக்கும் கிராமத் தேவாலயத்துக்கு இது மிகப் பொருத்தம்.

அஜின்கோர்ட்டுக்கு அது பொருந்தாது. இங்குள்ள தேவாலய மண்டபங்கள் காலையில் குழந்தைப் பராமரிப்பு, மாலையில் கராட்டி, இரவில் சங்கக் கூட்டம் என ஏழு நாளும் இயங்கக்கூடியவை. வாங்கின் கீழ் வெப்பம் வைத்தால் பரதநாட்டிய மாணவியரின் பாதம் சூடாகாது. நாள் முழுவதும் பாவனையிலிருக்கும் கட்டடத்துக்கே காப்புறையும் ஹீற் பம்பும் கூடிய பயன் தரும். ஆகவே, பலருக்கும் திறந்துவிடப்பட்ட மண்டபங்களுக்கே மானியத்தில் முன்னுரிமை வழங்கப்பட வேண்டும். கார்டஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2016இல் ரொறன்ரோவின் பத்துச் சபைகளை ஆராய்ந்து, அவை செலவிடும் ஒவ்வொரு டொலரும் சமூகத்துக்கு 4.77 டொலர் பெறுமதியான பயனைத் தருவதாகக் கூறியது. இத்தகைய கணக்குகளைச் சதக்கணக்கில் நம்புவதற்கு எமக்குத் தயக்கமுண்டு. ஆயினும், 2023 யூலையில் நகரின் தங்குமிடங்கள் நிரம்பி, ஆபிரிக்க நாடுகளிலிருந்து வந்த தஞ்சக் கோரிக்கையாளர் பீற்றர் வீதி நடைபாதையில் உறங்கியபோது, அவர்களுள் 200க்கும் மேற்பட்டோரை ஏற்றுப் படுக்கை விரித்தவை ரிவைவல்ரைம் ரபர்னக்கிள் போன்ற தேவாலயங்களே. அரசுகள் எவர் செலவு என்று தம்முள் வாதாடிக்கொண்டிருந்த நாட்களில், நீர்க் கட்டணமும் மின் கட்டணமும் அத்தேவாலயங்களின் பெயருக்கே வந்தன. நாவாலித் தேவாலயத்தில் 1995இல் ஒதுங்கியோரை நினைவிற் கொண்ட எமக்கு, ஒரு தேவாலயத் தளம் எதற்கெல்லாம் பயன்படும் என்பதை எவரும் விளக்கத் தேவையில்லை.

இனி, எம்மை நேரடியாகத் தொடும் குறைபாடு ஒன்று. மானியம் கட்டடத்தின் உரிமையாளருக்கே செல்கின்றது. ஞாயிறு பிற்பகலில் இன்னொரு சபையின் ஆலயத்தை வாடகைக்குப் பெற்று வழிபடும் தமிழ்ச் சபைகள் விண்ணப்பிக்க இயலாது. தலைமைத் திருச்சபையொன்றின் நிதியம் தன் சபைகளுக்கே கொடுக்கும். ஆகையால் தனித்து இயங்கும் பெந்தெகோஸ்தே சபைகளும், ஸ்காபரோவின் பழைய பண்டகசாலைகளைத் திருத்தி அமைக்கப்பட்ட சைவக் கோவில்களும் அவ்வட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. தகரக் கூரையும் பாரம் ஏற்றும் பெருங்கதவுகளும் கொண்ட அக்கோவில்களில் வெப்பம் எவ்வாறு வெளியேறுகின்றது என்பதைத் தைப்பொங்கலன்று அங்கு நின்றோர் அறிவர். ஒன்ராறியோ அரசு 2025 சனவரியில் அறிவித்த, 12 ஆண்டுகளுக்கு 1,090 கோடி டொலர் கொண்ட மின்சேமிப்புத் திட்டமே இவர்களுக்கு எஞ்சியுள்ள வாயில்களுள் பெரியது. அதனை எமது கோவில் நிர்வாக சபைகள் எத்தனை வாசித்துள்ளன?

வாடகைக்கு இருப்போரும் வெறுங்கையராக இல்லை. மானிய விண்ணப்பத்தில் ஒரு சபை காட்ட விரும்புவது தன் கட்டடத்தைச் சமூகத்தில் எத்தனை பேர் பயன்படுத்துகின்றனர் என்பதையே. அத்தொகையின் கணிசமான பங்கு நாமாக இருக்கும் இடங்களில், தமிழ்ப் பாடசாலையும் ஊர்ச் சங்கமும் தாம் பயன்படுத்தும் மணித்தியாலங்களையும் மாணவர் தொகையையும் எழுத்தில் கொடுத்து, விண்ணப்பத்துக்கு ஆதரவுக் கடிதம் வழங்கலாம். அதற்கு ஈடாக, சேமிக்கப்படும் எரிவாயுக் கட்டணத்தில் ஒரு பங்கு வாடகையில் பிரதிபலிக்க வேண்டுமென்றும், மானியம் பெற்ற கட்டடம் குறித்த ஆண்டுகளுக்கு விற்கப்படாதென்றும் ஒப்பந்தத்தில் எழுதுவிக்கலாம். பல சங்கங்களின் மண்டப ஒப்பந்தங்கள் செப்ரெம்பரில் புதுப்பிக்கப்படுபவை. கையொப்பமிடச் செல்லும் செயலாளர், கடந்த பனிக்காலத்தின் எரிவாயுப் பட்டியலைக் காட்டும்படி கேட்பதில் மரியாதைக்குறைவு எதுவுமில்லை.